வெட்டி எடுத்த கடைசி அடி

என் அக்கா கட்டிய பாட்டைத் திருடியது நீங்கள்தான், மேடம். தெரியாமல் நடந்தது என்று சொல்லாதீர்கள். தெரிந்தே செய்தீர்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் பங்களாவில் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் நான். உலக மக்களின் பாட்டுகளை மின்சார வாத்தியம் இல்லாமல் பதிவு செய்து சிடி போடப்போவதாகவும், அதில் வருவதை வைத்து வறண்ட கிராமங்களுக்குக் கிணறு வெட்டப்போவதாகவும் நீங்கள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அக்கா நல்லா பாடும் மேடம்" என்றேன். அந்தக் குற்றம் என்னுடையது.

அக்காவுக்கு ஊதுவத்தி உருட்டுகிற வேலை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதையும் வால்வு திறக்கிறவர் முதலில் தன் வீட்டுத் தெருவுக்குத் திறந்துவிட்டு, எங்களுக்கு மிச்சத்தை விடுவார். அவரைக் கிண்டல் செய்து, பலகையில் குச்சி உருட்டுகிற தாளத்திலேயே அக்கா பாட்டுக் கட்டினாள்.

'தண்ணிக்கார மாமா, எங்க சந்து கண்ணுல படலையா?
ஒம் பொண்டாட்டி கொடம் ரொம்பினா ஊரே ரொம்பிடுச்சா?'

குழாயடியில் பெண்கள் சேர்ந்து பாட, அந்த மனுஷன் வெட்கப்பட்டு அடுத்த வாரமே எங்கள் சந்துக்கு முதலில் திறந்தார். கிணறு வெட்டாமலேயே தண்ணீர் கொண்டுவந்த பாட்டு அது.

பதிவு நாளன்று அக்கா தன்னிடமிருந்த ஒரே நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நீங்கள் அதைப் பார்த்து முகம் சுளித்து, உங்கள் பீரோவிலிருந்து ஒரு பழைய கைத்தறிச் சேலையைக் கொடுத்தீர்கள். சிடியில் சேலை கேட்குமா மேடம்? ஃபோட்டோவுக்காம். என்னை ஃபிரிட்ஜ், ஃபேன், டியூப்லைட் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னீர்கள். இயற்கையான சத்தம் வேண்டுமாம். அணைத்தேன். அக்கா வியர்வையில் நனைந்து பாடினாள்.

பாடி முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள், "இது டிரடிஷனல்தானே?"

"இல்ல மேடம், தீவாளிக்கு அப்புறம் நான்தான் கட்டினேன்" என்றாள் அக்கா.

"ஹவ் ஸ்வீட்! அந்தக் கடைசி அடி மட்டும் வேணாம்மா. நேரம் பத்தாது."

'பிளாஸ்டிக் கொடம் ஒடஞ்சுபோச்சு, வால்வு சாவி துருப்பிடிச்சுபோச்சு' என்பதுதான் அந்தக் கடைசி அடி. நேரம் பற்றவில்லையாம். அதே சிடியில் புல்லாங்குழல்காரர் ஒருவர் பதினொரு நிமிஷம் மூச்சு விடுகிறார்.

சிடி வந்தது. எங்களிடம் பிளேயர் இல்லை. மாடியில் வாடகைக்கு இருந்த, சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வந்த பையன் போட்டுக்காட்டினான். சந்தே திரண்டு வந்து கேட்டது. பிறகு உள்ளே இருந்த சின்ன இங்கிலீஷ் புத்தகத்தை அவன் தமிழில் படித்துச் சொன்னான். "பல நூறு ஆண்டுகள் பழமையான மழை வேண்டல் பாட்டு. இயற்றியவர் தெரியவில்லை. பாடியவர், ஒரு கிராமத்துப் பெண்."

கிராமம்! அக்கா பிறந்தது இதே சந்தில். அவள் பார்த்த கிராமம் எல்லாம் டிவியில் வந்ததுதான்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"இன்னாக்கா, நீ கட்டினேன்னு சொன்னே? அச்சுல வேற மாதிரி போட்டிருக்கு?"

"நான்தாண்டி கட்டினேன். நீயும்தானே கூட இருந்தே?"

"கூட இருந்தேன். நீ எங்கேர்ந்து எடுத்தேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

தண்ணீர்க்காரரே வந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் சாட்சி சொன்னார். "அய்யோ, அது நன்ன பைத பாட்டும்மா! என்னைத் திட்டினது! எனக்கு அவ்ளோ வயசா ஆச்சு?" அதற்கும் எதிர்வீட்டுக்காரியிடம் பதில் தயாராக இருந்தது. "பழைய பாட்ட எடுத்து உன்ன திட்டியிருக்கா, அவ்ளோதான்."

அச்சில் வந்துவிட்டதே. இங்கிலீஷில் வேறு வந்துவிட்டது. எங்கள் சந்தில் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அன்றிலிருந்து குழாயடியில் அக்காவுக்கு 'பாட்டுத் திருடி' என்று பேர். நான் கோபப்பட்டுக் கத்தினால், "வுடுறா, கத்தி கத்தி இன்னா ஆவப்போவுது" என்பாள். ஆனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாள். தன் முறை வந்ததும் போய்ப் பிடித்து வருவாள்.

உங்களுக்குப் போன் செய்தேன். "இது உங்க அக்காவுக்குப் பெருமைதானேப்பா? இனிமே அந்தப் பாட்டு எல்லாருக்கும் சொந்தம்" என்றீர்கள். எல்லோருக்கும் சொந்தம், கட்டியவளைத் தவிர. உங்கள் பேர் மட்டும் அட்டையில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அது யாருக்கும் சொந்தமாகவில்லை.

பாட்டுக்குள் பிளாஸ்டிக் குடம் இருந்தால் அதற்குப் பல நூறு வயது சொல்ல முடியாது. அதனால்தான் வெட்டினீர்கள். காசு கேட்கவில்லை மேடம். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தால் சந்துக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வருகிற நாளில் நேரில் வாருங்கள். எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று, சத்தமாக, தமிழில் பதில் சொல்லுங்கள். இந்தப் பாட்டைக் கட்டியது யார்?