குழிக்குள் படுத்த பஸ் டிரைவர்

பல்கலைக்கழகத் தொல்லியல் துறையில் அவளுக்குப் பதவி ஆய்வக உதவியாளர். மாணவர்கள் கூப்பிடுவது எலும்பக்கா. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒரு விரலெலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, வலது கையா இடது கையா என்று சொல்லிவிடுவாள்.

வருஷா வருஷம் எட்டுப் பத்து மாணவர்கள் வெளிநாட்டில் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டும் வேலைக்கு ஆறு வாரம் போவார்கள். பாஸ்போர்ட், தடுப்பூசி, தண்ணீர் புகாத ஷூ எல்லாம் பேராசிரியர் பாடு. பயிற்சிக் குழி எலும்பக்கா பாடு. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்து மண் போடுவாள். மாணவர்கள் மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளி, அளந்து, வரைந்து, ஆணா பெண்ணா, வயது என்ன என்று எழுதித்தர வேண்டும்.

அந்த வருஷம் நாடகக் குழு எலும்புக்கூட்டை இரவல் வாங்கிப் போயிற்று. திரும்பி வந்தது இடுப்புக்கு மேலே மட்டும்.

"கீழ்ப்பாதி எங்கப்பா?"

"கடைசி சீன்ல கூட்டத்தப் பாத்து வீசினோம்க்கா. யாரும் திருப்பித் தரல."

விமானத்துக்கு நாலே நாள். தலையில் கை வைத்தபடி வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் முன்பு பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர், அன்றைக்கும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்துக்கடியில் கையைக் கொடுத்துக் கிடந்தார். எலும்பக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"அசையாதீங்க," என்று அளவு டேப்பை எடுத்துவந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் பழைய மழைக்கோட்டு மாட்டி, குழியில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். கழுத்துவரை லேசாக மணல் தூவினாள்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க. பேசத்தான் கூடாது. செத்தவங்க பேசமாட்டாங்க."

கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு குறட்டை கிளம்பியது. வரைபலகை வைத்திருந்த பெண் யோசித்துவிட்டு, குறிப்புப் பகுதியில் 'ஒலி வருகிறது' என்று எழுதினாள். இன்னொருத்தி மூக்கருகே பிரஷ்ஷைக் கொண்டுபோனாள். அவர் போட்ட தும்மலில், அளப்பதற்காகக் குழிக்குக் குறுக்கே கட்டியிருந்த நூலெல்லாம் அறுந்து, அளவுகோல் பிடித்திருந்தவன் பொத்தென்று அவர் மேலேயே விழுந்தான்.

"இனிமே முகத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வைங்க," என்றாள் எலும்பக்கா. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று.

மத்தியானம் ஆய்வகத்தில் அறிக்கைகளை வாசித்தார்கள். தானும் கேட்பேன் என்று அவர் மணலோடு வந்து உட்கார்ந்தார்.

"ஆண். வயது எழுபது முதல் எழுபத்தைந்து."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாருக்கு எழுபது? எனக்கு அம்பத்தெட்டு!"

"குறட்டை விடும்போது பல் தெரிஞ்சுது மாமா. ரொம்பத் தேஞ்சிருக்கு."

"முப்பது வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு பஸ் ஓட்டினேன். தேயாம என்ன பண்ணும்?"

அடுத்த அறிக்கை, 'நல்ல சாப்பாடு சாப்பிட்டவர், செல்வாக்குள்ளவர், ஊர்த்தலைவராக இருக்கலாம்' என்றது. அவர் முகம் மலர்ந்தது. "இந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போடு."

"தொப்பைய வச்சு எழுதியிருக்கா," என்றாள் எலும்பக்கா. "எலும்புக்கு ஏதுங்க தொப்பை? பூஜ்யம்."

கோபத்தில் இனி வரமாட்டார் என்று நினைத்தாள். மறுநாள் விடிந்து பார்த்தால் மனுஷன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, மழைக்கோட்டும் கையுமாக நிற்கிறார். "நேத்து வலப்பக்கம் படுத்தேன். இன்னிக்கு இடப்பக்கம். பிள்ளைங்களுக்கு ரெண்டும் தெரியணும்ல." ஓய்வு பெற்றபின் அவர் காலையில் தானாக எங்கேயும் கிளம்பியதே இல்லை. அவள் அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மாணவர்கள் விமானம் ஏறினார்கள். மூன்றாம் வாரம் அங்கே தோண்டும் வேலைக்குத் தலைவராக இருந்தவர் பேராசிரியருக்கு எழுதினார்: உங்கள் மாணவர்கள் வேலையில் சுத்தம். ஆனால் ஒவ்வொரு மண்டையோட்டையும் தொடுமுன் குனிந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் அதனிடம் ஏதோ சொல்கிறார்கள். இது என்ன ஆய்வுமுறை? பேராசிரியர் அந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்.

அடுத்த வருஷமும் புது எலும்புக்கூடு வரவில்லை. டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், "நான் படுக்கறேம்மா," என்று பேராசிரியரே முன்வந்தார். அவர் ஆறேகால் அடி. எலும்பக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியை நீட்டப் போனாள். குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படிப் படுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் டிரைவர்.