கடல்நாய்க்குக் கடல்தண்ணி

பதினேழு. ஒரே வசந்தத்தில் ஜோமி குத்திக் கொன்ற கடல்நாய்களின் எண்ணிக்கை. அத்தனையும் கதையில்.

வியாழக்கிழமைதோறும் ஊர் வானொலியில், தான் எழுதிய அந்தக் கதையைத்தான் வாசிக்கிறான். ஹீட்டர் எரியும் அறையில் கரிபூ மான்தோல் அங்கியை மாட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக. வானொலியில் அங்கி யாருக்குத் தெரியும் என்று கேட்டால், “குரல்ல தெரியும்” என்பான்.

அவன் கதாநாயகன் பனித்துளையருகே காலை உதறுவான், வீரம் பாடுவான். கால் மாற்றி நின்றாலே அடியில் மூச்சுக்கு வரும் பிராணி ஓடிவிடும். ஜோமியின் கடல்நாய்கள் மட்டும் பாட்டுக் கேட்க மேலே வரும்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த வசந்தம் இளவட்டங்களைப் பனிக்கடலுக்கு வேட்டை பழக்கக் கூட்டிப்போகும் தலைமைக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான். அவனுடைய அண்ணன் மனைவி உலாயுக்கின் மகளும் போகிறாள். வசந்தப் பனி மேலே கல், அடியில் சல்லடை.

போன வியாழன், பதினேழாவதைக் கொன்ற கதாநாயகன் கடல்நீரை அள்ளி அதன் வாயில் ஊற்றினான். தோல் சுரண்டிக்கொண்டிருந்த உலாயுக்கின் கத்தி நின்றது. வானொலிக்குப் போன் போட்டாள். ஊரே கேட்டது.

“ஏன்பா ஜோமி, அது வாயில என்னத்த ஊத்துன?”

“தண்ணி, அண்ணி. நம்ம வழக்கம்தானே.”

“எந்தத் தண்ணி?”

“கடல்தண்ணிதான். கைக்குக் கெடைச்சது.”

“காலம்பூரா உப்புல கெடந்துட்டு, ஒரு வாய் நல்ல தண்ணிக்குத்தான் அது நம்மகிட்டயே வருது. பனிய உருக்கில்ல ஊத்தணும். இப்ப அதோட ஆவி போயி மத்ததுங்ககிட்டச் சொல்லும், இந்த ஊருப் பக்கம் தலைகாட்டாதீங்கன்னு.”

“கதைதானே அண்ணி. இதுக்குப் போயி...”

“கதையில பனி உடைஞ்சா அடுத்த பக்கத்துல ஏறி வந்துருவ. எம்மக கதையில போகல.”

வானொலிக்காரன் அவசரமாகப் பாட்டுப் போட்டான்.

சனிக்கிழமை வேட்டைக்காரர் சங்கக் கூட்டம். ஜோமி அங்கியோடு வந்தான். முன்னோர், துணிவு, மரபு என்று நெடுநேரம் பேசினான். வசந்தப் பனியை எப்படிச் சோதிப்பாய் என்று உலாயுக் கேட்டதற்கு, “அது மனசுல தோணும்” என்றான்.

ஜோமிக்குச் சம்மதம் என்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். உலாயுக் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜோமி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, வழுக்கி விழுந்த தோல் சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தன் கையைத் தூக்கினான்.

அறையில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். எழுந்த கை: ஒன்று.