விளார் வேண்டாம் என்ற ஜெயராணி டீச்சர்

ஜெயராணி டீச்சர் போய்விட்ட செய்தியைப் பாண்டிதான் எனக்குச் சொன்னான். அகரத்தில் ஒரு கொட்டகையில் கூலிக்குச் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

"ஆயாம்மா, செத்த உக்காருங்க."

"உக்காந்துதான்டா இருக்கேன். சொல்லு."

"நம்ம டீச்சர் போயிட்டாங்க ஆயாம்மா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆசுபத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சாம்."

கையில் இருந்த வெங்காயத்தை நல்லதா சொத்தையா என்று பார்க்காமல் ஒரே கூடையில் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் அன்றைக்கு நான் ஆய்ந்தது எல்லாமே அப்படித்தான் போயிருக்கும்.

டீச்சரிடம் படித்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்களும் எழுதணும் ஆயாம்மா" என்று பாண்டி வீட்டுக்கே வந்துவிட்டான். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். எழுத்துப்பிழையை மட்டும் என் மகள் செல்வி திருத்தினாள். அவளைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

நம் பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மணி அடிப்பேன், வகுப்பு கூட்டுவேன், அடிபம்பில் தண்ணீர் அடித்துப் பானைகளை நிரப்புவேன். இன்னொரு வேலையும் செய்தேன். அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திங்கள்கிழமை காலையில் வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தில் விளார் ஒடித்து, இலையை உருவி, கட்டாகக் கட்டி ஆசிரியர்கள் அறையில் வைப்பேன். காய்ந்தால் முறிந்துவிடும் என்று வாரம் ஒரு கட்டு. யார் யார் கையில் அது விழுகிறது என்று நான் யோசித்தது கிடையாது. பெற்றவர்களே வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போன காலம். நானும் செல்வியைச் சேர்க்கும்போது அதையேதான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம் டீச்சர் மாற்றலாகி வந்தார். திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கணக்குப் பாடம். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவைக் கொடுத்தார்கள். மற்ற ஆசிரியர்கள் யாரும் வாங்கிக்கொள்ளாத வகுப்பு அது. முதல் திங்கள்கிழமை ஒரு விளாரை எடுத்து அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களா ஒடிச்சீங்க அக்கா?"

"ஆமா டீச்சர்."

"நல்லா நேரா இருக்கு. எனக்கு வேணாம்."

என்னை அக்கா என்று கூப்பிட்ட முதல் ஆசிரியர் அவர்தான். விளாரை வேண்டாம் என்றது அன்றைக்கு எனக்குக் காதிலேயே ஏறவில்லை. அந்த 'அக்கா' மட்டும்தான் ஏறியது.

ஒன்பது 'ஆ'வுக்கு என் மகள் செல்விதான் லீடர். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவாள். திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'மிக'. இன்னும் பேசினால் இன்னொரு 'மிக'. ஒரு 'மிக'வுக்கு ஓர் அடி. ஆயா மகள் என்று ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. டீச்சர் வந்த முதல் நாளே அந்தத் தலைப்பை அழித்துவிட்டு, "இனிமே பேசினவங்க பேரு எழுத வேணாம்மா. இந்த வகுப்புக்கு என்ன விதி வேணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. விதி மீறினா என்ன செய்யணும்னும் நீங்களே சொல்லுங்க" என்றார். செல்வி அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை.

அவள் மட்டும் இல்லை, ஒருத்தருக்குமே அது பிடிக்கவில்லை. அடிக்க மாட்டேன் என்றால் பிள்ளைகள் குதிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பாண்டி எழுந்து நின்று சொன்னான், நான் வாசலில் நின்று கேட்டேன்: "டீச்சர், ரெண்டு போடு போட்டு விட்டுருங்க. அதோட முடிஞ்சிரும். இப்படி உக்கார வச்சுப் பேசச் சொல்றதுக்கு அடியே தேவலை."

டீச்சர் சிரித்துவிட்டார். "அதோட முடிஞ்சிருதுன்னுதான்டா நானும் வேணாங்குறேன்" என்றார்.

பதிலுக்கு அவர்கள் கண்டுபிடித்ததுதான் அந்த ரீங்காரம். வாயை மூடிக்கொண்டு வகுப்பு முழுக்க 'ம்ம்ம்' என்று ஒலி எழுப்புவார்கள். யார் என்று பிடிக்க முடியாது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் தொடங்கும். தேனீக்கூட்டைக் கட்டி வைத்த மாதிரி மைதானம் வரைக்கும் கேட்கும். டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பார். திட்ட மாட்டார். ஒலி ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார். இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

தலைமையாசிரியரான பெரிய சார் ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"டீச்சர், காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறமும் அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா வகுப்பை வேற ஆளுக்கு மாத்திருவேன். ஏம்மா பேச்சி, விளார் கட்டு இருக்கில்ல?"

"இருக்கு சார்."

வெளியே வந்த பிறகு டீச்சர் கையில் இருந்த தேநீரைக் குடிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அக்கா, அடிச்சு உக்கார வச்ச பிள்ளை நான் இருக்குற வரைக்கும்தான் உக்காந்திருக்கும். நான் இல்லாதப்ப உக்காரணுமே, அதுக்கு என்ன வழி?" என்றார். என்னிடம் பதிலை எதிர்பார்த்து உண்மையாகவே கேட்டார். 

ஆகஸ்டில் ஒருவழியாகப் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒன்றாக விதி சொன்னார்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது. அடுத்தவர் சாப்பாட்டைத் தொடக் கூடாது. யாரையும் கேலி செய்து தலைகுனிய வைக்கக் கூடாது. இப்படி ஏழு. மீறினால் என்ன என்று டீச்சர் கேட்டதற்குப் பாண்டிதான் சொன்னான்: "தப்புப் பண்ணவன் வகுப்பைக் கூட்டணும், பானைக்குத் தண்ணி அடிக்கணும்." எல்லோரும் கை தட்டினார்கள். பேசியதே பெரிது என்ற சந்தோஷத்தில் டீச்சரும் அப்படியே எழுதி ஒட்டிவிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு வகுப்பு வேலை குறைந்ததே.

நாலே நாள்தான். முதலில் மாட்டியவன் பாண்டியே. துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்னைப் போலவே ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். "ஏலே, தள்ளுங்கலே! இன்னைக்கு நாந்தான் ஆயாம்மா!" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் கெட்டவன் இல்லை. அது விளையாட்டு. நான்கூட வாசலில் நின்று சிரித்தேன். அப்புறம்தான் செல்வியைப் பார்த்தேன். நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சொன்னாள்: "நான் நாளையில இருந்து போகலை. மில்லு வேன்காரர்கிட்டப் பேரு குடுத்துட்டேன்."

"ஏண்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? பதினாலு வயசுல மில்லா?"

"முன்னாடி அடி வாங்குனாங்க. இப்ப நீ செய்யுற வேலைய வாங்குறாங்க. அடியவிட அதுதான் கேவலமாம். நீ நின்னு சிரிக்கிற."

அப்போதெல்லாம் நூல் மில் வேன்கள் ஊர் ஊராக வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஏறிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

மறுநாள் செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். அவளை வகுப்பில் தள்ளிவிட்டு, டீச்சர் வருகிற பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் அவரைப் பார்த்ததும் மறந்துபோனது.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"என்ன அக்கா இப்படிக் கேக்குறீங்க?"

"தப்புப் பண்ணவங்கதான் கூட்டணும், தண்ணி எடுக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. நான் எட்டு வருசமாக் கூட்டிக்கிட்டு இருக்கேனே, அதான் கேட்டேன்."

 பஸ் கிளப்பிய புழுதி அடங்கியது. "செல்வி வந்திருக்காளா?" என்று மட்டும் கேட்டார். "இழுத்துட்டு வந்தேன்" என்றேன். வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் மணி நான்தானே அடிக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டு ஒன்பது 'ஆ' வாசலுக்குப் போனேன். விதி மீறியவர் பெயரை எழுதக் கரும்பலகையில் ஓர் ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். டீச்சர் அங்கே 'ஜெயராணி' என்று எழுதினார். 

"யாரையும் தலைகுனிய வைக்கக் கூடாதுன்னு நீங்க விதி போட்டீங்க. அதை முதல்ல மீறினது நான். ஒரு வேலையைத் தண்டனைன்னு எழுதி ஒட்டினேன். அந்த வேலையைத் தினமும் செய்யுறவங்க வாசல்ல நிக்கிறாங்க. அக்கா, என்னை மன்னிச்சிருங்க." அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. எனக்கு என்ன தண்டனை?"

 ஆசிரியர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பாண்டி முனகினான்: "டீச்சருக்கெல்லாம் எப்படி டீச்சர் தண்டனை..."

அப்போதுதான் செல்வி எழுந்தாள்.  "தண்டனையே வேணாம் டீச்சர். எல்லாரும் முறை வச்சுக் கூட்டுவோம். தப்புப் பண்ணாதவங்களும். நீங்களும்."

முறை என்றதும் பாண்டிக்கு முகம் தெளிந்துவிட்டது. அவன் வீட்டுத் தோட்டத்துக் கிணறு ஐந்து பங்காளிக்குப் பொது. யாருக்கு எந்த நாள் மோட்டார் என்று முறை இருக்கும். "எங்க கிணத்து முறை மாதிரியா டீச்சர்? அதுல யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க. ஒருத்தன் முறை தாண்டி இறைச்சா அஞ்சு பேரும் கிணத்து மேட்டுல உக்காந்து பேசுவாங்க. அவன் இறைச்சதை அடுத்த முறையில கழிச்சுக்குவாங்க. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? இதை ஏன்டா ஜூன்லயே சொல்லலை?" என்றார் டீச்சர்.

"நீங்க கிணத்தைப் பத்திக் கேக்கவே இல்லையே டீச்சர்."

அதற்கப்புறம் எல்லாமே முறைதான். கூட்டுவதற்கு முறை, தண்ணீருக்கு முறை, கேள்வி கேட்க, கரும்பலகையில் கணக்குப் போட முறை. தகராறு வந்தால் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ரீங்காரம் ஒரே நாளில் நின்றது என்று சொன்னால் பொய். இடையில் இரண்டு மூன்று தடவை கேட்டது. அப்போதெல்லாம் செல்வியே திரும்பி, "யாரு முறைய யாரு திருடுறீங்க?" என்று அதட்டுவாள். சாக்பீஸ் இல்லாமலே அவள் குரல் எடுபட்டது. மில் வேன்காரர் வீட்டுக்கு வந்தபோது, "வியாழக்கிழமை எனக்குத் தண்ணி முறை இருக்கு" என்று அவள் சொல்ல, அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

டீச்சருக்குச் செவ்வாய்க்கிழமை முறை. சேலையைச் செருகிக்கொண்டு கூட்டுவார். மூலையை விட்டுவிடுவார். "டீச்சர், மூலை!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

காலாண்டுப் பரீட்சை நெருங்கிய ஒருநாள் பஸ் வரவில்லை. டீச்சர் இல்லை என்று தெரிந்து பெரிய சார் கையை வீசிக்கொண்டு ஒன்பது 'ஆ'வுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வகுப்பில் சத்தம் இருக்கத்தான் செய்தது. பாண்டி கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்க, கையைத் தூக்கிய நாலு பேரில் யார் முறை என்று வாதம் நடந்தது.

"டீச்சர் எங்கடா?"

"பஸ் வரலை சார். அதனால என்ன சார், இன்னைக்கு என் முறை."

பெரிய சார் கரும்பலகையைப் பார்த்தார். "அந்த மூணாவது வரியைப் பாரு. கழித்தல் குறி விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த திங்கள்கிழமை அவர் விளார் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு சார் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். மரம் முழுக்க முசுறு எறும்பு ஏறிவிட்டது, கை வைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சரிடம் அதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா, இந்த முசுறு சீக்கிரம் இறங்கிராம பாத்துக்கங்க." நான் வேலையை விட்டு நிற்கும்வரை அது இறங்கவே இல்லை.

பாண்டி பத்தாவதில் கணக்கில்தான் தவறினான். டீச்சர் சனிக்கிழமைகளில் அவனை உட்கார வைத்து இரண்டாம் தடவையில் தேற வைத்தார். இப்போது காய்கறி ஏற்ற இரண்டு வண்டி வைத்திருக்கிறான். செல்வி பன்னிரண்டு முடித்துக் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறாள்.

திண்டுக்கல்லில் டீச்சரை அடக்கம் செய்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தோம். வாசல் முழுக்க மிதிபட்ட ரோஜாவும் சம்பங்கியும். வந்தவர்கள் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பழக்கதோஷம், என் கண் விளக்குமாற்றைத் தேடியது. அதற்குள் அது பாண்டி கையில் இருந்தது. மீசை வைத்த ஆள், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தான். வாங்கப் போனேன்.

"இருங்க ஆயாம்மா. செவ்வாய்க்கிழமை டீச்சர் முறை. அவங்களுக்குப் பதிலா நான் கூட்டுறேன்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூலையை விடாமல் கூட்டினான்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றே ஒன்று. பஸ் நிறுத்தத்தில் ஐந்தாவது படித்த ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஒரு டீச்சர் கரும்பலகையில் தன் பெயரை எழுதினார். அதைப் பார்த்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வராது. போன மாதம் பேரன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஒரு தகப்பன் எழுந்து, கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், நான் ஒன்னு கேக்கணும்."