மிஷினுக்கு நான் வைத்த பூ

மேனாம்பேட்டில் டி.டி.பி. சென்டர் நடத்திய காலம். ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால், ஐந்தே நிமிஷத்தில் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மாலைக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துத் தர வேண்டும்.

டைப் அடிக்கும் செல்வியிடம் பாய்ந்தேன்.

"கடைசியா தொட்டது நீதானே, என்ன பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்லக்கா. பூ…"

"பேசாதே."

மெக்கானிக் வரும்வரை பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன், அவளைத் திட்டிக்கொண்டே.

அவர் வந்து பெட்டியைத் திருப்பினார். பின்பக்க ஃபேனில் சாமந்திச் சரத்தின் நூல் இறுகச் சுற்றியிருந்தது.

"ஃபேன் சுத்தாம சூடாயி ஆஃப் ஆயிகினு கீது. இங்க யாரும்மா பூ வெச்சது?"

பூஜையில் சரம் நழுவி நழுவி விழுகிறதே என்று ஃபேனை மூடியிருந்த கம்பி இடுக்கில் திணித்தது நான்தான்.

"நீ பார்த்தியா?" என்றேன் செல்வியிடம்.

"பார்த்தேன்க்கா."

"சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்கக்கா சொல்ல உட்டீங்க?"

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்திரிகையை அவள்தான் அடித்து முடித்தாள்.

இன்றும் வீட்டில் எது பழுதானாலும், முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.