சாய்தளத்தில் ஏறிய மாடு

விசேட கல்வி ஆசிரியரின் முதல் வேலை, தனக்கு வேலை இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தை நம்பவைப்பது. விடியப் புறப்பட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்று, கடல் கொஞ்சம் பொங்கினால் வாந்தியும் எடுத்து, நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போகிற என் சக பாவிகளுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் இரக்கப்பட்டு வாசிக்கலாம்.

எல்லாம் சாதாரணம்

நியமனக் கடிதத்தோடு போய் நின்றேன். அதிபர் நல்ல மனுசர். கதிரை தந்தார், தேத்தண்ணீர் தந்தார், ஆங்கில ரீச்சர் பிரசவ விடுமுறை என்று ஆங்கிலப் பாடத்தையும் தந்தார். விசேட தேவையுள்ள பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். அதெப்படி இல்லாமல் போகும் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"அவையளுக்குப் பள்ளிக்கூடம் வர ஏலாது தானே ரீச்சர். வர ஏலுமெண்டால் பிறகென்ன விசேடம்?"

கல்வேலிக்கு அந்தப் பக்கம்

வர ஏலாத ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருந்தாள். பெயர் தனுஜா, ஒன்பது வயது, பிறந்ததில் இருந்து நடக்க முடியாது. அவளுடைய வீட்டு முற்றத்துக்கும் நாலாம் ஆண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு கல்வேலி மட்டும்தான். கனடாவில் இருக்கிற மாமன் அனுப்பிய சக்கர நாற்காலியில் முற்றத்து நிழலில் இருந்தாள். "வகுப்புக்குப் படியேற வேணும் ரீச்சர். நான் மாடும் பார்த்து, இவளையும் தூக்கித் திரிய ஏலாது" என்றார் தாய். அவர் சொன்னதில் பிழையில்லை.

தனுஜாவுக்கு என்ன தெரியும் என்று பார்க்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். வேலிக்கு மேலால் வந்ததைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். ஓர் இடத்திலும் தடக்கவில்லை.

"மூவேழு இருபத்தொண்டு, நாலேழு இருபத்தெட்டு, கௌசி கதையாமல் இரு, ஐயேழு முப்பத்தஞ்சு."

சீமெந்து

எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சாய்தளம் வேண்டும் என்று சுற்றுநிருபம் இருக்கிறது. எங்கள் அதிபர் அதை மிகவும் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தார். வெளியில் எடுப்பித்து, வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி, திரும்பவும் எழுதி, ஒரு வழியாக அனுமதி வந்தது. சீமெந்தும் படகில் வந்தது. அதில் பாதி, கடல் தண்ணீர் பட்டு, கட்டமுன்னமே கல்லாகி வந்தது.

மேசன் அண்ணை மிச்சத்தை வைத்துக் கட்டி முடித்தார். நாற்காலியை ஒருவர் தனியாகத் தள்ளி ஏற்ற முடியாத அளவுக்குச் செங்குத்து. "என்ன அண்ணை, நீளம் காணாதே?" என்றேன். அவருக்குக் கொஞ்சம் மனம் நொந்துவிட்டது.

"நீளம்தான் ரீச்சர் குறைஞ்சது. உயரம் ஒரு அங்குலமும் குறையேல்லை."

படலை

முதல் நாள் தனுஜாவைத் தள்ளி ஏற்றியது நானும் அந்தக் கௌசியும். கௌசி கதைத்துக்கொண்டே தள்ளினாள். அடுத்ததாக ஏறியது ஒரு மாடு. படியைக் கண்டு தயங்குகிற மாடுகள் எல்லாம், சாய்தளத்தைத் தங்களுக்கென்றே கட்டியதாக எடுத்துக்கொண்டன. வகுப்பும் வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி. சுவரில் ஒட்டியிருந்த சித்திரங்களில் புல்வெளி வரைந்ததைத்தான் முதலில் தின்றன என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அதிபர் சாய்தளத்தின் அடியில் ஒரு படலை போட்டுப் பூட்டினார். பூட்டுத் திறப்பு அலுவலக உதவியாளரிடம். அவரோ அலுவல் என்று சொல்லி அடிக்கடி யாழ்ப்பாணத்தில். தனுஜா புதுச் சீருடையோடு படலைக்கு வெளியே வெயிலில் இருந்தாள். வீட்டில் இருந்தபோது நிழலாவது இருந்தது. "இந்தக் கிழமை பாப்பன் ரீச்சர், இல்லாட்டில் இவளைப் பள்ளிக்கூடம் விடாமல் மறிச்சுப்போடுவன்" என்றார் தாய். தாய் ஒருமுறை மறித்தால் அந்தப் பிள்ளை பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவே இல்லை.

"பூட்டு மாட்டுக்குத்தான் ரீச்சர். பிள்ளையை ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

வலயத்தில் இருந்து

அந்தக் கிழமையே சாய்தளத்தைப் பார்க்க வலயத்து அதிகாரி ஒருவர் வந்தார். படகு அவரையும் விட்டுவைக்கவில்லை, முகம் வெளிறியிருந்தது. சாய்தளத்தைப் படம் எடுத்தார். படத்தில் படலையும் விழுந்தது, பூட்டும் விழுந்தது, படலைக்கு வெளியே இருந்த தனுஜாவும் விழுந்தாள். பிறகு குனிந்து, "மகள், உமக்கு இன்னும் என்ன வசதி செய்து தரவேணும்?" என்று அன்பாகக் கேட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் கல்வேலியைப் பார்த்தேன். தனுஜா யோசிக்கவே இல்லை.

"படலையைக் கழட்டுங்கோ சேர். மாடு வந்தால் நான் கலைக்கிறன்."

படலை அன்றைக்கே கழன்றது. தனுஜாவுக்கு இடம் வகுப்பு வாசலோரம், கையில் ஒரு பூவரசங் கம்பு. அவள் போடுகிற சத்தத்துக்கு மாடு மட்டுமில்லை, பிந்தி வருகிற ஆசிரியர்களும் கொஞ்சம் தயங்குகிறார்கள். தாய் மறிக்கவில்லை.

பிள்ளை வகுப்போடு சேர்ந்துவிட்டதா என்று வலயம் இப்போது அறிக்கை கேட்டிருக்கிறது. நாலாம் ஆண்டின் ஏழாம் வாய்ப்பாட்டில் நாலேழு இருபத்தெட்டுக்குப் பிறகு "கௌசி, தனுஜா, ரெண்டு பேரும் கதையாமல் இருங்கோ" என்று வருகிறது என எழுதி அனுப்பியிருக்கிறேன்.