மைனஸ் மூன்றும் லிஃப்ட் அக்காவும்

அந்த மருத்துவமனையில் இரண்டு லிஃப்ட். இடப்பக்கத்து லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும், வலப்பக்கத்தது இரட்டைப்படை மாடிகளில். தரைத்தளத்தில் இரண்டுமே நிற்கும். மேலே பதினொரு மாடி, மண்ணுக்குக் கீழே மூன்று. தரைத்தளத்துக்கு எண் பூஜ்யம், அதற்குக் கீழே மைனஸ் ஒன்று முதல் மைனஸ் மூன்று வரை. இடப்பக்கத்து லிஃப்டைப் பதினாறு வருடமாக இயக்கி வந்தவளை டாக்டர் முதல் துப்புரவாளர் வரை ‘லிஃப்ட் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டாவது மாடிக்குப் போகிறவர்கள் பழக்கூடையோடு இவளிடம் ஏறி, ஏழில் இறங்கி, படியேறி மூச்சு வாங்குவது அன்றாடக் கூத்து. தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

நூலகத்தில் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று துப்புக் கொண்டுவந்தது நாத்தனார். தையல்காரி. தனியாகப் போகக் கூச்சம், அதனால் அண்ணியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது வாரம், வாத்தியார் பலகையில் எழுதிப் போட்டார். எண்ணை இரண்டால் வகு. மீதி ஒன்று என்றால் ஒற்றைப்படை, இல்லாவிட்டால் இரட்டைப்படை. எல்லோரும் தட்டச்சு செய்தார்கள். நாத்தனார் ஏழு போட்டுப் பார்த்தாள், பன்னிரண்டு போட்டுப் பார்த்தாள்.

“அண்ணி, எனக்கு வந்துருச்சு. உங்களுக்கு?”

லிஃப்ட் அக்காவுக்கு எண் என்றாலே மாடிதான். பதினொன்றில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக வந்தது. பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் ஒன்று போட்டாள். இரட்டைப்படை என்றது. மைனஸ் மூன்றுக்கும் அதே பதில்.

“சார், மைனஸ் மூணு ஒற்றைப்படைதானே?”

“ஆமாக்கா.”

“இது இல்லைங்குது.”

எங்கேயோ எழுத்துப் பிழை என்று நினைத்து வாத்தியார் குனிந்து பார்த்தார். பிழை இல்லை. தன் கம்ப்யூட்டரில் போட்டார். அதுவும் அப்படியே சாதித்தது.

“இதுவரைக்கும் யாரும் மைனஸ் நம்பர் போட்டதில்லக்கா,” என்று தலையைச் சொறிந்தார்.

“நான் தினம் பத்துத் தடவை அங்க போறேன் சார். துணி வெளுக்கற இடமே அங்கதான்.”

வகுப்பே சிரித்தது. அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

“மீதி எவ்வளவு வருதுன்னு அதையே காட்டச் சொன்னா என்ன சார்?”

ஒரு வரி கூட்டி எழுதினாள். மீதி மைனஸ் ஒன்று என்று வந்தது. ஒன்றா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்லும்? அதனால்தான் ‘இல்லாவிட்டால்’ பக்கம் போய் விழுந்திருக்கிறது.

“அப்ப ஒண்ணான்னு கேக்க வேணாம் சார். பூஜ்யமான்னு கேப்போம். மீதியே இல்லேன்னா இரட்டை. மீதி எதுவா இருந்தாலும் ஒற்றை.”

மாற்றி எழுதினாள். மைனஸ் மூன்று, ஒற்றைப்படை. வாத்தியார் பலகையை அழித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினார். “நாலு வருஷமா தப்பாவே சொல்லிக்கொடுத்துட்டு இருந்திருக்கேன்,” என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டார். லிஃப்ட் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதே கையோடு மருத்துவமனை மேலாளரிடம் பேசி, வரவேற்பறையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினாள். மாடி எண்ணைப் போட்டால் எந்தப் பக்க லிஃப்ட் என்று சொல்லும்படி எழுதினாள். பூஜ்யம் போடும் குறும்புக்காரர்களுக்கும் பதில் வைத்தாள்: ‘நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள்.’

திங்கட்கிழமை எட்டாவது மாடிக்கு வந்த கூட்டமெல்லாம் சொல்லிவைத்தாற்போல வலப்பக்கம் போயிற்று.

“நான் கத்தினப்ப காதுல போட்டுக்கலை. பெட்டி சொன்னா மட்டும் கேக்கறாங்க பாரு,” என்றாள், பார்க்க வந்திருந்த நாத்தனாரிடம். குறைபோலச் சொன்னாலும் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

நாத்தனார் தன் தையல் கடையைத் திறக்கப் போகவில்லை. மதியம் வரை அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, “இதை எழுதினது எங்க அண்ணி,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.