பூஜையில் வைத்த மூன்று துப்பாக்கிகள்

என் கணவரிடம் ஓர் ஏர் ரைபிள், காற்றின் விசையில் ஈயக் குண்டு சுடும் துப்பாக்கி, இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதை வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம்கூட, அவர் சொல்லிவிடுவார். அரசாங்கமே அவரை நேரில் பார்த்து, நம்பி, விலக்கு அளித்தது போன்ற குரலில் சொல்வார். லைசென்ஸ் கேட்கும் அளவுக்கு அதை யாரும் மதிக்கவில்லை என்பதுதான் பொருள் என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை. ஆனாலும் நானே மூன்று முறை இணையத்தில் தேடிச் சரிபார்த்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வயலை மனைகளாகப் பிரித்துக் கல் நட்ட இடத்தில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் ஹாலுக்குள்ளிருந்தே மொட்டை மாடிக்குப் படி ஏறுகிறது. படிக்குக் கைப்பிடியும் இல்லை, கீழே தடுப்பும் இல்லை. மகள் தவழத் தொடங்கிய நாளிலிருந்து படியடியில் ஒரு சின்ன கேட் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெல்டிங் கடை இரண்டு தெரு தள்ளித்தான். "பாத்துக்கலாம்" என்பார். சென்ற ஆயுத பூஜையின்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கேட் வரவில்லை. ரைபிள் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவர் சேர்வார்கள். என் கணவர், அவருடைய லைனில் சூப்பர்வைசராக இருக்கும் குன்றத்தூர்க்காரர், அதே தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, வெளிப்படி வழியே ஏறும் மாடி அறையில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. மூவரிடமும் ஆளுக்கொரு துப்பாக்கி. பின்னால் இருக்கும் காலி மனைகளுக்குப் போவார்கள். இலக்கு, என் மகள் குடித்துத் தீர்த்த பால்பவுடர் டப்பாக்கள். மனைக்கல்லின்மேல் டப்பாவை வைத்துவிட்டு, முப்பது அடி தள்ளிப் போய், மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சுடுவார்கள். டப்பா விழுந்தால் கைதட்டல். விழாவிட்டால் காற்றின்மேல் பழி.

அந்தத் துப்பாக்கிகளில் அவர்களுக்கு என்ன அப்படி இன்பம் என்று புரிந்துகொள்ள உண்மையாகவே முயன்றேன். ஒரு மனைவி கணவருடைய ஆர்வங்களில் பங்கெடுக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, காபி ஃபிளாஸ்க்கும் குழந்தையுமாக நானும் ஒரு ஞாயிறு போனேன்.

குன்றத்தூர்க்காரருடையது மரக்கட்டைப் பிடி வைத்தது. அதைக் கீழே வைக்கவே மாட்டார். கட்டையை ஒரு பழைய பட்டுத்துணியால் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"தோ பாரும்மா, இந்த ரேகைய. ஃபைபர்ல வருமா இது? கைல எடுத்தா கொயந்தைய தூக்குற மாதிரி கீது."

அவருக்கு இரண்டு பிள்ளைகள். கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கப் பயந்து தூக்கியதே இல்லை என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தம்பியுடையதில் தொலைநோக்கி பொருத்தியிருந்தது. அவர் சுட்டுப் பார்த்தது குறைவு. அதன் வழியே பார்ப்பதுதான் அவருடைய சுகம்.

"மைனி, அந்தா தெரியுதுல்லா நம்ம கம்பெனி கேட்டு, அங்க செக்யூரிட்டி என்ன செய்யாருன்னு இங்கன நின்னே சொல்லிருவேன். கொட்டாவி விடுதாரு!"

செக்யூரிட்டி கொட்டாவி விடுவதைப் பார்க்க ஒருவருக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது.

என் கணவருக்குப் பிடித்தது சத்தமாம். 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். ஒருமுறை கேட்டால் மறுபடி கேட்காத சத்தம் என்றார். "ஃபேக்டரில ஒரு மெஷினும் சொன்னபடி கேக்காது. இது நாம சொன்னா உடனே கேக்கும்" என்று விளக்கினார். இதைச் சொல்லும்போது அவர் முகம் சற்று இளகியது. ஒரு நிமிடம் எனக்கும் பாவமாக இருந்தது. பிறகு மகள் தரையிலிருந்து எதையோ எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். பிடுங்கிப் பார்த்தேன். நசுங்கிய ஈயக் குண்டு.

நான் வேதியியலில் முதுகலை படித்தவள். ஈயம் ஒரு குழந்தையின் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொடலாம் என்று விதி வைத்தேன். மூவரும் சிரித்தார்கள். நான் மிகைப்படுத்துகிறேனோ என்று எனக்கே அடிக்கடி தோன்றும். தோன்றினாலும் சோப்பை நீட்டுவதை நிறுத்தவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை பூஜையை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். ஹாலில் சுவரோரம் ஒரு பலகை, அதன்மேல் சரஸ்வதி படம், மகளின் முதல் படப்புத்தகம், சிலேட்டு, என்னுடைய பழைய நோட்டுகள், கணவரின் ஸ்பேனர் பெட்டி. பலகைக்கு முன்னால் தரையில் வாழையிலை விரித்து மூன்று துப்பாக்கிகளையும் கொண்டுவந்து கிடத்தினார்கள். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆயுத பூஜையில் ஆயுதம் வைக்காதே என்று எந்த வாயால் சொல்வது? சந்தனம் கரைத்துக் கொடுத்தேன். கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு, தொலைநோக்கிக்கு ஒரு பொட்டு.

பூஜையில் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது என்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். குடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், பர்ஸில் ஒரு நாணயமாவது, பேனாவில் மை. அன்றும் வழக்கம்போல ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "காலியா எதையும் வைக்காதீங்க, நிறைஞ்சு இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சுண்டல் தாளிக்க வேண்டியிருந்தது.

தீபாராதனை முடிந்து, மாடி நிழலில் மூவருக்கும் இலை போட்டேன். பொங்கலும் சுண்டலும் வைத்துக்கொண்டிருக்கும்போது குன்றத்தூர்க்காரர் பெருமையாகச் சொன்னார்.

"தங்கச்சி, உன் பேச்ச தட்டலம்மா நாங்கோ. மூணும் நெறைஞ்சு கீது."

"எது?"

"துப்பாக்கிதான். ஆளுக்கு ஒரு குண்டு போட்டு வச்சிருக்கோம். நீதானே சொன்ன காலியா வைக்கக் கூடாதுன்னு" என்றார் என் கணவர்.

கரண்டி என் கையிலேயே நின்றது. இந்த வகைத் துப்பாக்கியில் குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குண்டை வைத்து நிமிர்த்திவிட்டால் தயார். பிறகு சுட்டால்தான் அது காலியாகும். அந்த ஒரு ஞாயிறு காபியோடு போனதில் நான் கற்றுக்கொண்டது இது.

"எடுத்துடுங்க. கீழ பாப்பா இருக்கா."

"விசை நகராம சேஃப்டி போட்டிருக்கு" என்றார் என் கணவர்.

"மூணுலயும் போட்டீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போட்டேன்னுதான் நெனைக்கேன்" என்றார் தம்பி.

"சாப்பிட்டப்புறம் இல்ல, இப்பவே எடுங்க."

"பூஜைல வச்சத நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம்தான் தொடணும். அதுவும் நீ சொன்னதுதானே? போன வருஷம் டார்ச் லைட்ட எடுத்ததுக்கு என்னா பேச்சு பேசின!" என்றார் என் கணவர்.

குன்றத்தூர்க்காரர் சிரிப்பில் பொங்கல் புரையேற, தண்ணீர் கேட்டார். "தங்கச்சி பயப்படுது பாரேன்! இது இன்னா மிஷின் கன்னா? குருவி கூட சாவாது இதுல."

டப்பா விழுந்தால் புலியை வீழ்த்தியது போலக் கைதட்டியவர்கள் இவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அது பெரிய ஆயுதம். நான் பயந்தால் அது பொம்மை.

தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று கீழே இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மகள் வாழையிலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். குங்குமக் கிண்ணம் அவள் மடியில். நாங்கள் பொட்டு வைக்காமல் விட்ட இடங்களையெல்லாம் தேடித் தேடி வைத்துக்கொண்டிருந்தாள். கட்டை முழுக்க முடித்துவிட்டாள். இப்போது விரலைக் குங்குமத்தில் தோய்த்து, விசை இருக்கும் வளையத்துக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். குழலின் முனை சமையலறைப் பக்கம் பார்த்திருந்தது. அங்கே யாரும் இல்லை, நல்லவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னையே வெறுத்தேன்.

கத்தினால் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவாள். கத்தவில்லை. "பாப்பா, அம்மாவுக்குப் பொட்டு வைக்கிறியா?" என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் விரலை மெல்ல எடுத்து, எழுந்து, நான் கடைசிப் படிவரை இறங்கி உட்கார, அருகே வந்து என் முழங்காலில் ஒரு பொட்டு வைத்தாள். தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள். தம்பி மட்டும் இலையிலிருந்து கையை எடுத்தார். என் கணவர், "ஒண்ணும் ஆகலல்ல?" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்து, "தொடக் கூடாதுன்னு அப்பா சொன்னேன்ல?" என்று அவளைக் கண்டித்தார். மூன்று வயதுக் குழந்தைதான் அங்கே விதியை மீறியவள்.

அப்போது நான் சொன்னது யோசித்துச் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

"நாளைக்குக் காலைல வரைக்கும் இப்படியே இறுக்கி வச்சிருந்தா ஸ்பிரிங் என்ன ஆகும்?"

என் கணவர் கையில் எடுத்த பொங்கலை இலையிலேயே போட்டார்.

"அய்யய்யோ" என்றார் குன்றத்தூர்க்காரர். "ஸ்பிரிங்கு லூஸாயிடும்பா! இன்னாடா இத்த யாருமே யோசிக்கல!"

மூவரும் கைகூடக் கழுவாமல் படியில் ஓடினார்கள். மறுபூஜை, சாமி, தொடக் கூடாது என்ற எதுவும் அவர்களுக்கு நினைவில் இல்லை. ஒரு குழந்தையின் விரல் நகர்த்த முடியாத மூன்று ஆண்களை ஒரு சாண் நீளக் கம்பிச்சுருள் நகர்த்தியது.

துப்பாக்கிகளைக் காலி செய்யச் சுட வேண்டுமே. திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். மேலே துளை போட்டு உள்ளே குங்குமம் கரைத்து வைத்திருந்த பூசணிக்காய். நான் குழந்தையோடு கீழே படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். 'டப்', 'டப்', 'டப்.' அவருக்குப் பிடித்த சத்தம். மறுபடி கேட்கவில்லைதான். நான் மூன்று வரை எண்ணி, நாலாவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பூசணிக்காய் உடையவில்லை. மூன்று சின்ன ஓட்டைகள் மட்டும். அதை வாசலில் உடைக்கலாம் என்று என் கணவர் இடுப்பில் வைத்துக் கொண்டுவர, ஓட்டைகள் வழியே குங்குமத் தண்ணீர் அவருடைய வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை வழிந்தது. எதிர்வீட்டுப் பெண், "இன்னா ஆச்சு சார், அடிபட்டுடுச்சா?" என்று பதறி ஓடிவந்தார். "பூசணிக்காய் சுட்டோம்" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை வெகுநேரம் எனக்குள் சண்டை நடந்தது. காலியாக வைக்காதே என்று சொன்னது நான். மறுபூஜைவரை தொடக் கூடாது என்று ஆண்டுதோறும் கண்டித்ததும் நான். குழந்தையைத் தனியே விட்டுவிட்டு இலை போட்டதும் நான். அவர்கள் மூடர்கள் என்றால், அந்த மூடத்தனத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவள் யார்? ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அதைப் பயன்படுத்த வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் சொன்னேன்: "குங்குமக் கை பட்டிருக்கு. அப்படியே வெளியில வச்சா துரு பிடிக்காதா?" நான்காம் நாள் வெல்டிங் கடையிலிருந்து இரும்புப் பெட்டி வந்துவிட்டது. உள்ளே ஸ்பான்ஜ், வெளியே பூட்டு. குண்டு டப்பாவும் அதற்குள்ளேயே. என் மகளின் தொட்டிலுக்குக்கூட அவர் அவ்வளவு அளவெடுக்கவில்லை.

பிறகு மழை தொடங்கியது. மாடிப்படி வழியே ஹாலுக்குள் சாரல் அடித்தது. எங்கள் துணி நனைந்தது, சுவரில் பூஞ்சை பூத்தது, குழந்தைக்குச் சளி பிடித்தது. இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. "சாரல் பெட்டி வரைக்கும் வருதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். அந்த ஞாயிறே படியடியில் கேட் வந்தது. தகரம் அடித்து, தாழ்ப்பாள் வைத்து, பச்சைப் பெயிண்ட் பூசிய நல்ல உறுதியான கேட். என் இடுப்பு உயரம். குழந்தையால் ஏற முடியாது.

"சூப்பரா இருக்குல்ல? இனிமே ஒரு சொட்டு வராது" என்றார்.

"வராது" என்றேன்.

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைத் திறந்து, குழலை வெளிச்சத்தில் திருப்பி, துரு இருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டுவார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு மிகுந்த அக்கறையுடன் பார்ப்பேன். "கொஞ்சம் ஈரம் இருக்கற மாதிரிதான் தெரியுது. உள்ளேயே இருக்கட்டும்" என்பேன். அவர் முகம் வாடும். பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பார். என் அளவுக்கு அவருடைய ரைபிள்மேல் அக்கறை உள்ளவர்கள் இல்லை என்று குன்றத்தூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறாராம்.